கீழாற்றூர் வயலா, தளிப்பறம்பு டவுனா? ஒரு பைபாஸும் நான்கு வழிகளும்

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தளிப்பறம்பு டவுனை ஒட்டி இருக்கிறது கீழாற்றூர். சுற்றிலும் செம்புரைக்கல் (துளைகள் நிறைந்த சிவந்த லேட்டரைட் கல்) குன்றுகள், நடுவில் தாழ்ந்து கிடக்கும் நெல்வயல், மேட்டில் வீடுகள், வீட்டுக்கொரு கிணறு. 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை 45 மீட்டர் அகலத்தில் ஆறுவழிச் சாலையாக்கும் திட்டத்தில், குப்பம் என்ற ஊரிலிருந்து குற்றிக்கோல் வரை போடும் பைபாஸ் இந்த வயலுக்குள் வந்தது. 'வயல்கிளிகள்' என்ற பெயரில் ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் கோட்டை என்று பெயரெடுத்த ஊர் அது. போராடியவர்களில் பலர் அதே கட்சிக்காரர்கள். 2018 மார்ச்சில் அவர்களுடைய போராட்டப் பந்தல் கொளுத்தப்பட்ட பிறகு கேரளம் முழுக்கப் பேச்சானது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் 'வளர்ச்சியா, வயலா' என்ற அளவிலேயே நின்றுவிட்டது. உண்மையில் பேச வேண்டியிருந்தது வழித்தடத்தைப் பற்றி. கையில் ஒன்றுக்கு நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி, டவுனுக்குள் இருக்கும் பழைய சாலையையே 45 மீட்டருக்கு அகலப்படுத்துவது. இதில் கடைத்தெரு போய்விடும். வியாபாரிகளும் கட்டட உரிமையாளர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்கூட. இரண்டாவது, பூக்கோத்து தெரு வழியாகப் போவது. அங்கே வீடுகள் நெருக்கம். இடிக்க வேண்டிய வீடுகளின் கணக்கைக் காட்டித்தான் சாலையைக் கீழாற்றூர்ப் பக்கம் திருப்பினார்கள். வீட்டை இழப்பது சாதாரண விஷயமில்லை என்பதால், இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

மூன்றாவது, கடைசியில் தேர்வான வயல்வழி. வீடு குறைவு, நிலத்துக்கு நல்ல இழப்பீடு, வேலை சுலபம் என்று காகிதத்தில் மலிவாகத் தெரிந்தது இதுதான். அந்தக் காகிதத்தில் தண்ணீருக்கு மட்டும் விலை போடவில்லை.

செம்புரைக்கல் குன்றில் விழுகிற மழை, கல்லின் துளைகள் வழியே உள்ளே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாகக் கசிந்து வயலுக்கு வருகிறது. வயல் அதைச் சில மாதங்கள் தேக்கி வைத்து, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. மேட்டு வீட்டுக் கிணறு மாசி, பங்குனியில் வற்றாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். இந்த வயலுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பிச் சாலை போட்டால், ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி நாற்று அழுகும், மறுபக்கம் காயும். தண்ணீர் போகக் கரைக்கு அடியில் சிறுபாலம் விடுகிறோம் என்பார்கள். குன்றிலிருந்து வரும் வண்டல் அதன் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும், தூர்வாருவது யார் என்று எந்தத் திட்ட அறிக்கையும் சொல்லாது. அப்புறம், கரை எழுப்ப மண் எங்கிருந்து வரும்? பக்கத்துக் குன்றை வெட்டித்தான். வயலும் போய், வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குன்றும் போகிறது. 1970களில் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த மாநிலம் இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

'பாதி வயல் தரிசாகத்தானே கிடக்கிறது' என்ற பதிலும் வந்தது. நெல் போடாத வயலும் தண்ணீரைத் தேக்கத்தான் செய்கிறது. கரை போட்ட வயல் அதைச் செய்யாது.

நான்காவது வழி, டவுன் சாலைக்கு மேலேயே தூண்களில் மேம்பாலச் சாலை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஆய்வு செய்து இதைத்தான் முன்வைத்தது. மாநில அரசும் ஒரு கட்டத்தில் மேம்பாலத்துக்கு வழி உண்டா என்று மத்திய அரசிடம் கேட்டது. செலவு கூடும், கட்டி முடிக்கும்வரை கடைகளுக்குச் சிரமம்தான். ஆனால் வீடும் தப்பும், வயலும் தப்பும். செலவைக் காட்டி இதை ஒதுக்கியதை ஏற்க முடியவில்லை. இதே 66ஆம் எண் சாலையில்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் மேம்பாலச் சாலை இருக்கிறது, ஆலப்புழை மாவட்டத்தின் அரூர்–துறவூர் இடையே 12.75 கிலோமீட்டருக்குத் தூண்களின் மேல் சாலை போடுகிறார்கள். தளிப்பறம்பில் மட்டும் அது எப்படிக் கட்டுப்படியாகாமல் போனது?

சட்டமும் இங்கே பொருந்துகிறது. கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம், பொதுத் தேவைக்கு வயலை மாற்ற அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது, ஆனால் வேறு இடம் இல்லாதபோதுதான். மேம்பாலம் என்ற மாற்று மேசையில் இருந்ததே. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுப்பிய குழுவும் வயலைத் தவிர்ப்பது நல்லது, முடியாவிட்டால் ஓரமாகக் கொண்டுபோகலாம் என்ற போக்கில்தான் சொன்னது. அதற்குப் பிறகும் 2018 இறுதியில் பழைய தடத்துக்கே அறிவிப்பு வந்தது.

2025 மே 19 அன்று, மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், வயலில் மண்கரை போட்டுக் கட்டிய இதே நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அடியில் இருந்த வயல் மண் பாரம் தாங்கவில்லை. பிறகு அந்த இடத்தில் தூண்களின் மேல் பாலம் கட்ட வேண்டும் என்று முடிவானது. முதலில் செலவு அதிகம் என்று ஒதுக்கும் முறைக்கே, சரிந்த பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது. அதே மே மாத மழையில், தளிப்பறம்பு பைபாஸ் தொடங்கும் குப்பத்தில், சாலைக்காக வெட்டிய குன்றிலிருந்து சேறு வழிந்து வீடுகளுக்குள் புகுந்தது.

என் தேர்வு டவுன் மேம்பாலம். அது கிடைக்காத இடத்தில், வயலைத் தாண்டும் நீளம் முழுவதும் தூண்களின் மேல் போக வேண்டும், மண்கரை கூடாது. உங்கள் ஊருக்கு இப்படியொரு சாலை வருகிறதென்றால், கருத்துக்கேட்பில் வீட்டுக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை லாரி மண், எந்தக் குன்றிலிருந்து, வாய்க்கால் எத்தனை இடத்தில் அறுபடுகிறது, சிறுபாலத்தை வருடாவருடம் யார் தூர்வாருவார் என்று எழுத்தில் கேளுங்கள். கோடையில் ஊர்க் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தை இப்போதே அளந்து, தேதி போட்டு, பஞ்சாயத்தில் பதிந்து வைத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு அளந்தால், கிணறு முன்னமே வற்றித்தான் கிடந்தது என்பார்கள்.