40 டென்சிட்டி என்று சொல்லிக் கொடுத்த சோபா மெத்தை: இரண்டு முறை ஏமாந்த அனுபவம்

எங்கள் வீட்டுத் தேக்கு மரச் சோபாவுக்கு, அதாவது மூவர் அமரும் இருக்கை ஒன்றுக்கும் ஒற்றை இருக்கைகள் இரண்டுக்கும், புது மெத்தை போடுவதற்காகத் திருச்சியில் ஒரு குஷன் கடையில் துணி, கூலி, ஃபோம் எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய் கொடுத்தேன். முழங்கால் தேய்மானத்தால் தாழ்வான இருக்கையிலிருந்து எழ முடியாத என் அப்பாவுக்காகவே அந்த வேலையைச் செய்யச் சொன்னேன் என்பதையும், அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே தெரிவித்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அவர் இரண்டு துண்டு ஃபோம்களை மேசைமீது வைத்து, "அமுக்கிப் பாருங்க சார், இது சாதா, இது 40 டென்சிட்டி, பத்து வருஷம் அசையாது" என்றார். ஒன்று சட்டென்று அமுங்கியது. மற்றொன்று விறைப்பாகக் கையை எதிர்த்தது. விறைப்பானதே அடர்த்தியானது என்று எண்ணி அதைத் தேர்ந்தெடுத்தேன். நான் முதலில் ஏமாந்த இடம் அதுதான்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்ற கணக்கே தவிர, அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு அன்று. கெட்டித்தன்மையைத் தயாரிக்கும்போதே வேதிப்பொருள் கலவையைக் கொண்டு கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதால், 23 டென்சிட்டி ஃபோமைப் புதிதில் விறைப்பாகவும், 40 டென்சிட்டி ஃபோமை மென்மையாகவும் செய்து விற்க இயலும். கையால் அமுக்கும்போது தெரிவது கெட்டித்தன்மை மட்டுமே. எடை குறைந்த ஃபோமில் காற்றறைகளைத் தாங்கி நிற்கும் பொருள் குறைவாக இருப்பதால், தினமும் ஆள் உட்கார்ந்து எழ, நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் சேர, அந்த விறைப்பு சில மாதங்களிலேயே போய்விடுகிறது. நிறத்தை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாயம்தான், வெள்ளை ஃபோம்கூட வெளிச்சம் பட்டால் தானே மஞ்சளாகும்.

நான்காவது மாதத்தில் அப்பா வழக்கமாக அமரும் இருக்கையின் நடுப்பகுதி ஒரு விரற்கடை அளவு குழிந்துவிட்டது. கடைக்காரர் வந்து பார்க்காமலேயே, "பெல்ட் தளர்ந்திருக்கும் சார்" என்றார். மெத்தையைத் தாங்குவதற்காகச் சோபாச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையைத்தான் பெல்ட் என்கிறார்கள். மெத்தையைக் கழற்றிச் சமமான தரையில் வைத்துப் பார்த்தபோதும் குழி அப்படியே இருந்ததால், பழுது பெல்டில் இல்லை, ஃபோமில்தான் என்பது உறுதியாயிற்று. பிறகு மேலுறையை நீக்கி, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் அதை நிறுத்தேன். 24 அங்குல நீளம், அதே அகலம், 5 அங்குல உயரம் கொண்ட மெத்தையின் கன அளவு 2,880 கன அங்குலம். ஒரு கன மீட்டர் என்பது ஏறத்தாழ 61,000 கன அங்குலம். ஆகவே 40 டென்சிட்டி ஃபோம் என்றால் அது 1 கிலோ 890 கிராம் இருந்திருக்க வேண்டும். தராசு காட்டியது உள்துணியையும் சேர்த்து 1 கிலோ 100 கிராம். கணக்கிட்டால் 23 டென்சிட்டியைத் தாண்டாது.

இந்த எடைக் கணக்கைக் கடைக்காரரிடம் அப்படியே சொன்னதுதான் என் இரண்டாவது தவறு. கொஞ்சமும் வாதாடாமல், குடோனில் பையன் மாற்றி எடுத்துவிட்டான் என்று வருத்தம் தெரிவித்து, ஐந்து மெத்தைகளையும் எடுத்துச் சென்று பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 2 கிலோவுக்குச் சற்று மேலே இருந்தது. சேர வேண்டியதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேனே ஒழிய, ஏன் கூடுதலாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அப்பா, "பலகை மேல உட்கார்ற மாதிரி இருக்குப்பா" என்றார். இந்த முறை ஃபோமைச் சுற்றிலும் காடாத் துணி வைத்துத் தைத்து மூடியிருந்ததால், ஜிப்பைத் திறந்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. தையலைப் பிரித்தேன். மேலே மூன்றரை அங்குலம் அதே இலேசான ஃபோம். அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு, பல நிறக் கழிவுத் துண்டுகளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ஃபோம், சொல்யூஷன் தடவி ஒட்டப்பட்டிருந்தது. அதன் டென்சிட்டி சாதாரணமாகவே 80, 90 என்று இருக்கும் என்பதால், மெல்லிய அடுக்கு ஒன்றே தராசை ஏமாற்றப் போதுமானதாகிவிட்டது. ரீபாண்டட் மட்டமான பொருள் அன்று. அடித்தளத்துக்கு அதைச் சொல்லியே போடும் நேர்மையான கடைகளும் இருக்கின்றன. சுண்ணாம்புத் தூள் கலந்து எடையைக் கூட்டிய ஃபோமும் சந்தையில் உண்டு என்பதைப் பின்னர் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து அறிந்தேன். ஓரத்தைக் கிள்ளினால் அது பொடிப்பொடியாக உதிரும் என்றார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசமும் உண்டு, 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். ஆனால் என் கையில் இருந்த ரசீதில் "சோபா வேலை, 5 சீட்" என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. டென்சிட்டி, உயரம், ஒரே துண்டா ஒட்டுத் துண்டா என்ற மூன்றையும் எழுதி வாங்கியிருந்தால், கடைக்காரர் "நான் 40 என்று சொல்லவே இல்லையே" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் முறை ஃபோமை நானே மொத்தக் கடையில் வாங்கினேன். உறை இல்லாமல், வெட்டிய துண்டுகளின் நான்கு பக்கத்தையும் பார்த்து, ஒவ்வொன்றையும் நிறுத்து, ஓரத்தில் பேனாவால் கையெழுத்திட்ட பிறகே, வீட்டுக்கு வந்து வேலை செய்யும் ஒரு குஷன் தொழிலாளியிடம் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே உறையிட்டார். கூடுதலாக 9,000 ரூபாய் செலவாயிற்று. பிரித்தெடுத்த ரீபாண்டட் துண்டுகளில் ஒன்று இப்போது தையல் இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் கிடக்கிறது; அதிர்வைத் தாங்கும் அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.