ஸீ-மன், டாய்-ஃபோங்: நயத்துக்கு இரு கான்டனீஸ் சொற்கள்

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழி வகையான கான்டனீஸில் ஒருவரின் நயமான தோற்றத்தைப் பாராட்டும் 'ஸீ-மன்', 'டாய்-ஃபோங்' ஆகிய இரண்டையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்த இயலாது. ஸீ-மன் அடக்கத்தைச் சுட்டும்: தாழ்ந்த குரலில் பேசி, நிதானமாக உண்டு, படித்தவருக்குரிய பண்போடு நடந்துகொள்பவரை, ஆணாயினும் பெண்ணாயினும், ஹாங்காங்கில் இவ்வாறு சொல்வார்கள். பண்டைச் சீன அறிஞர் கன்ஃபூசியஸின் கூற்றொன்றில் 'இந்தப் பண்பாடு' என்னும் பொருளில் வரும் தொடரே இது என்பதால், கல்வியின் சாயல் இதில் இன்றும் நீங்கவில்லை.

டாய்-ஃபோங், அந்நியர் முன்னிலையிலும் கூச்சமோ பகட்டோ இன்றி நிமிர்ந்து நின்று இயல்பாகப் பழகுபவருக்கு உரியது (தாராள மனத்தையும் இச்சொல்லே குறிக்கும்). கண்ணை உறுத்தாமல் எடுப்பாக அமைந்த உடைக்கும் இது பொருந்தும். நேர்முகத் தேர்வுக்குச் செல்பவரைப் புகழ வேண்டுமானால் நான் டாய்-ஃபோங்கையே தேர்ந்தெடுப்பேன். உடல் தோரணையில் வெளிப்படும் தன்னம்பிக்கையை உணர்த்துவதில் ஸீ-மன் அதற்கு ஈடாகாது.