வயர்ஷார்க்: நம் கணினி யாரோடு பேசுகிறது என்று காட்டும் கருவி

டிஜிட்டல் தற்காப்பு என்றதும் பெரும்பாலோர் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் நீளமான கடவுச்சொல்லையும் நினைக்கிறார்கள். இரண்டும் தேவையானவைதான், ஆனால் நம் கணினி இந்த நொடியில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது, எதை அனுப்புகிறது என்ற கேள்விக்கு அவை விடை சொல்வதில்லை. அந்த விடையை நானே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில்தான், நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைக் கற்கத் தொடங்கினேன். ஓராண்டுக் காலம் விடாமல் பயன்படுத்திய பிறகு, நெட்வொர்க் கண்காணிப்பைச் செய்முறையாகக் கற்க விரும்புவோர் முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி இதுவே என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் இதை வெளியிட்டார். வணிகப் பெயர் உரிமைச் சிக்கலால் 2006-இல் வயர்ஷார்க் ஆனது. ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் கீழ் வருவதால் இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். நம் நெட்வொர்க்கில் ஓடும் அனைத்தையும் பார்க்கும் அதிகாரத்தை ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கும்போது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் பார்வைக்குத் திறந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

முதல் முறை இயக்குபவர் சற்று மிரண்டுதான் போவார். வைஃபை, ஈதர்நெட் என ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் சிறு அலைக்கோடு ஒன்று ஓடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்த உடனே பாக்கெட்டுகள், அதாவது நெட்வொர்க்கில் செல்லும் சிறு தரவுத் துண்டுகள், வெள்ளமாகப் பாயத் தொடங்கிவிடும். மேலே பாக்கெட் பட்டியல், அதன் கீழே தேர்ந்தெடுத்த பாக்கெட்டின் அடுக்கடுக்கான விவரம், இன்னொரு பகுதியில் அதன் மூல பைட்டுகள் எனத் திரை பிரிந்திருக்கும். வெளிர் ஊதா வரிகள் டிசிபி (சென்று சேர்ந்ததை உறுதிசெய்து அனுப்பும் முறை), வெளிர் நீல வரிகள் யுடிபி (உறுதி கேட்காமல் அனுப்பும் முறை). கறுப்புப் பின்னணியில் வரும் வரிகளைப் பார்த்து யாரோ ஊடுருவிவிட்டதாக நான் முதல் வாரத்தில் அஞ்சினேன். அவற்றில் பெரும்பாலானவை வழியில் தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பியதற்கான சாதாரணக் குறிப்புகள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே புதியவர்கள் ஆபத்தைத் தேடித் தொடங்க வேண்டாம் என்பேன். உலாவியையும் மற்ற செயலிகளையும் மூடிவிட்டு, சும்மா இருக்கும் கணினியைப் பத்து நிமிடம் பதிவு செய்து, அந்தப் பதிவை வரிவரியாகப் படியுங்கள். இந்த முகவரி யாருடையது என்று அக்கம்பக்கக் கருவிகளைக் கேட்கும் ஏஆர்பி, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றக் கேட்கும் டிஎன்எஸ், கடிகாரத்தைச் சரிபார்க்க 123-ஆம் போர்ட்டில் (ஒரு சேவைக்கான வாயில் எண்) செல்லும் என்டிபி, பிரிண்டர் போன்றவற்றைத் தேடி 5353-ஆம் போர்ட்டில் ஒலிக்கும் எம்டிஎன்எஸ் என ஒவ்வொன்றாக அடையாளம் தெரிய வரும். வழக்கமானது எது என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

கருவியின் உயிர் அதன் வடிகட்டிகளில் இருக்கிறது. மேலே உள்ள பெட்டியில் dns என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் போதும், ஆயிரக்கணக்கான வரிகள் சில பத்து வரிகளாகச் சுருங்கிவிடும். எழுதிய வடிகட்டி சரியென்றால் பெட்டி பச்சையாகவும், தவறென்றால் சிவப்பாகவும் மாறுவது ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பது போன்ற உதவி. குழப்பம் ஒன்றும் உண்டு. பதிவு செய்வதற்கு முன்பு இடும் வடிகட்டிக்கும், பதிவான பின்பு பார்வைக்கு இடும் வடிகட்டிக்கும் இலக்கணம் வெவ்வேறு. முன்னதில் சொற்களை இடைவெளிவிட்டு எழுத வேண்டும், பின்னதில் புள்ளியும் இரட்டைச் சமக்குறியும் இட வேண்டும். இவ்வளவு முதிர்ந்த மென்பொருள் இந்த வேறுபாட்டைத் திரையிலேயே இன்னும் தெளிவாக விளக்கியிருக்கலாம்.

இந்தக் கருவியின் மதிப்பை எனக்கு உணர்த்தியது ஒரு கண்காணிப்பு கேமரா. உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டுமே பயன்படுத்துவதற்காக வாங்கி, மேகச் சேமிப்பு வசதியை அதன் அமைப்புகளில் அணைத்தும் வைத்திருந்தேன். மடிக்கணினியை ஹாட்ஸ்பாட் ஆக்கி, கேமராவை அதன் வழியாக இணைத்துப் பதிவு செய்தபோது, அணைக்கப்பட்டதாகக் காட்டிய அதே நேரத்தில் அது சில நொடிகளுக்கு ஒருமுறை வெளியே உள்ள ஒரு சர்வருக்குச் சிறு யுடிபி பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து உள்நுழைந்தபோது கண்டது இன்னும் கவலை தந்தது. அந்தப் பக்கம், பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் குறியாக்கம் இல்லாத 80-ஆம் போர்ட்டில் இயங்கியதால், நான் தட்டிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் விவரப் பகுதியில் படிக்கும்படி அப்படியே விரிந்து கிடந்தன. எச்டிடிபி அடிப்படை அங்கீகாரம் என்ற எளிய உள்நுழைவு முறையில் கடவுச்சொல், எவரும் திருப்பி மாற்றக்கூடிய வெறும் பேஸ்64 எழுத்துகளாக மாற்றப்படுகிறதே தவிர மறைக்கப்படுவதில்லை என்று முன்பே படித்திருந்தேன். ஆனாலும் என் கடவுச்சொல்லையே திரையில் கண்ட அந்த நொடியில்தான் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கியது. அன்றே ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கான வெளி இணைப்பைத் துண்டித்தேன். அதே கடவுச்சொல்லை வைத்திருந்த மற்ற இடங்களிலும் மாற்றினேன்.

குறியாக்கம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதையும் இங்கே நேரில் பார்க்கலாம். இணையத்தளங்கள் பயன்படுத்தும் குறியாக்க முறையான டிஎல்எஸ் இணைப்பின் உள்ளடக்கம் வெறும் புரியாத பைட்டுகளாகவே தெரியும். ஆயினும் இணைப்பின் தொடக்கத்தில் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்ற பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது; 53-ஆம் போர்ட்டில் செல்லும் பழைய முறை டிஎன்எஸ் கேள்விகளும் அப்படியே. உலாவியில் குறியாக்கப்பட்ட டிஎன்எஸ் வசதியை இயக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்தால், அந்தக் கேள்விகள் 443-ஆம் போர்ட்டுக்குள் மறைந்துவிடுவதைக் காணலாம். ஓர் அமைப்பை மாற்றி, அதன் விளைவை உடனே சோதித்துப் பார்க்கும் இந்தப் பயிற்சிதான் வயர்ஷார்க் தரும் மிகப் பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு பாக்கெட்டை அனுப்பியது எந்தச் செயலி என்பதை இது வழக்கமாகக் காட்டாது. சந்தேகத்துக்குரிய இணைப்பைக் கண்டதும் திறந்த இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் போன்ற வேறு கட்டளையை நாட வேண்டியிருக்கிறது. தற்காப்புக்காகக் கற்பவருக்கு இது பெரிய இடைவெளி. சுவிட்ச் (கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் கருவி) வழியாக இணைந்த நெட்வொர்க்கில் நம் கணினிக்கு வரும், அதிலிருந்து செல்லும் போக்குவரத்தும் பொது அறிவிப்புகளும் மட்டுமே பதிவாகும் என்பதால், மற்றக் கருவிகளைக் கவனிக்க ஹாட்ஸ்பாட்டோ, மற்ற இணைப்புகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் சுவிட்சின் நகல் போர்ட்டோ (இணைப்புத் துளை) தேவைப்படும். நீண்ட நேரம் ஓடவிட்டால் நினைவகத்தை விழுங்கிவிடும். எதையும் தடுக்கவும் செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது. நாள் முழுவதும் காவல் காக்க சுரிகாட்டா, ஸீக் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் தனியே இருக்கின்றன.

பாதுகாப்புக்கான கருவியையே பாதுகாப்பாகக் கையாள வேண்டும். வெளியிலிருந்து வரும் நம்பகமற்ற தரவை நூற்றுக்கணக்கான தகவல்தொடர்பு நெறிமுறைகளின்படி பிரித்துப் படிக்கும் நிரல் என்பதால், இதில் அவ்வப்போது பாதுகாப்பு ஓட்டைகள் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்படுகின்றன. லினக்ஸில் இதை ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தோடு இயக்கக் கூடாது. பதிவு செய்யும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரல் மட்டும் தேவையான உரிமையுடன் செய்யும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். சொந்த நெட்வொர்க்கையும், உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்த நெட்வொர்க்கையும் தவிர வேறெங்கும் பதிவு செய்யக் கூடாது. பொது வைஃபையில் அடுத்தவர் போக்குவரத்தைப் பார்ப்பது பயிற்சியாகாது, அத்துமீறலாகும். மாதிரிக்குப் பஞ்சமில்லை, கற்பவர்களுக்காகவே பலவகைப் பதிவுக் கோப்புகளை வயர்ஷார்க் திட்டத்தினரே வெளியிட்டிருக்கிறார்கள்.

சேமித்த பதிவுக் கோப்புகளில்தான் நான் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கிறேன். அவற்றில் கடவுச்சொல், குக்கி, பார்த்த தளங்களின் பெயர் என எதுவும் இருக்கக்கூடும். ஐயம் கேட்பதற்காக ஒருவருக்கு அனுப்ப நேர்ந்தால், கூடவே வரும் எடிட்கேப் கட்டளையால் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பகுதியையும் வெட்டி, முகவரி முதலியவை உள்ள தலைப்புப் பகுதியை மட்டும் விட்டு அனுப்புகிறேன். முகவரிகள் அப்போதும் அதில் எஞ்சியிருக்கும் என்பதால், நன்கு அறிந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதையும் கொடுப்பதில்லை. வேலை முடிந்ததும் அசல் கோப்பை அழித்துவிடுகிறேன்.