கிளீன் புக் தேடுறதுக்கு எது பெஸ்ட்: ஸ்டார் ரேட்டிங்கா, வார்னிங் லிஸ்ட்டா, வாட்ஸ்அப் குரூப்பா, நம்மளே போடுற ஷீட்டா?

எங்க சர்ச் புக் கிளப்ல அடுத்த புக் செலக்ட் பண்ற நேரம் வந்தாலே ஒரே கேள்விதான், "இது கிளீனா?" கேக்குறது ஒரு வார்த்தை, ஆனா கேக்குற பத்து பேருக்கும் பத்து அர்த்தம். ஒருத்தருக்கு கெட்ட வார்த்தை இருக்கக்கூடாது, இன்னொருத்தருக்கு கெட்ட வார்த்தை கூட பரவால்ல பெட்ரூம் சீன் வந்துரக்கூடாது, ஒரு சிஸ்டருக்கு மந்திரம் சூனியம்னா அட்டையைக் கூட தொட மாட்டாங்க ஆனா கொலைக் கதை குடுத்தா ராத்திரி முழுக்க தூங்காம படிச்சு முடிச்சிருவாங்க. (கொலை ஓகே, முத்தம் ஆகாது. கிண்டல் பண்ணல, ரொம்ப நாள் நானும் அப்படித்தான் இருந்தேன்.)

சினிமாவுக்கு சர்டிபிகேட் இருக்கு, வீடியோ கேம்ல கூட வயசு போட்டு வருது, நாவலுக்கு மட்டும் பொதுவா அப்படி ஒண்ணு கிடையாது, அதனால ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் படிக்கிறதுதான் வழி. அந்த சொல்றதை எப்படி சொல்றது எங்க சொல்றதுன்றதுலதான் எல்லா வித்தியாசமும். நாலஞ்சு வழியை மாத்தி மாத்தி முயற்சி பண்ணி சூடுபட்ட அனுபவத்துல எழுதுறேன்.

முதல் சூடு எப்படின்னா, அட்டையைப் பார்த்து ஏமாந்தது. அழகா கார்ட்டூன் மாதிரி வரைஞ்ச ஒரு ஜோடி, பளிச்னு கலர், நாலுக்கு மேல ரேட்டிங், சரி லைட்டான காதல் கதைதான்னு நினைச்சு எல்லாரையும் வாங்க வெச்சுட்டேன். பதினொண்ணாவது அதிகாரம் வரைக்கும் சூப்பர். பன்னெண்டாவதுல பெட்ரூம் கதவு மூடவே இல்ல. அந்த மாச மீட்டிங்ல பதினொண்ணைத் தாண்டி யாரும் வாயே திறக்கல, "அதுக்கு மேல படிக்கல"ன்னு ஒவ்வொருத்தரா சொன்னாங்க, ஆனா கிளைமாக்ஸ் மட்டும் எப்படியோ எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தப்பு அந்த புக் மேல இல்ல, ஒருத்தர் கூட முன்னாடியே முழுசா படிச்சுப் பார்க்காம செலக்ட் பண்ணதுதான் தப்பு. ஈபுக்ல ஃப்ரீயா குடுக்குற சாம்பிளைப் படிச்சேன்னு சொல்லி தப்பிக்கவும் முடியாது, சாம்பிள்ல வர்றது ஆரம்பத்துல கொஞ்சம் பக்கம் மட்டும், வில்லங்கம் எல்லாம் நடுவுலதானே உட்கார்ந்திருக்கும்.

சரி, ஸ்டார் ரேட்டிங்ல இருந்து வர்றேன். எல்லாருக்கும் தெரிஞ்சது குட்ரீட்ஸ், படிச்சவங்க புக்குக்கு ரேட்டிங் ரிவ்யூ போடுற சைட், 2007-ல வந்துச்சு, 2013-ல அமேசான் வாங்கிருச்சு. கோடிக்கணக்குல ரேட்டிங் கிடக்கு, எந்த பழைய புக்கைத் தேடினாலும் நாலு பேராவது ஏதாவது எழுதியிருப்பாங்க, அந்த விஷயத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அங்க 5 ஸ்டார்னா "அருமை"ன்னு அர்த்தம், 3 ஸ்டார்னா "பிடிச்சிருந்துச்சு"ன்னு அர்த்தம், சுத்தமா இருக்கான்னு அந்த நம்பருக்குத் தெரியவே தெரியாது. அதனால நம்பரைப் பார்க்காம ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, படிச்சவங்க தாங்களே பேர் வெச்சு அடுக்குற ஷெல்ஃப். நிறைய பேர் ஒரு புக்கை "கிளீன் ரொமான்ஸ்" ஷெல்ஃப்ல வெச்சிருந்தா அது ஒரு துப்பு. ரெண்டாவது, ஒரு ஸ்டார் ரிவ்யூ. கோவத்துல எழுதுறவங்க மாதிரி தெளிவா விவரம் சொல்றவங்க யாரும் கிடையாது. "முன்னூறு பக்கம் படிச்சும் ஒரு முத்தம் கூட இல்ல, போர்"னு ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டிருந்தா நம்ம கிளப்புக்கு அது அஞ்சு ஸ்டார். அஞ்சு ஸ்டார் ரிவ்யூல "அழுதேன் சிரிச்சேன்"னு மட்டும்தான் இருக்கும், அதை வெச்சு என்ன பண்றது.

அடுத்தது ஸ்டோரிகிராஃப், அதே மாதிரி இன்னொரு சைட், நாடியா ஒடுனாயோன்னு ஒரு புரோகிராமர் உருவாக்கினது. இதுல கன்டென்ட் வார்னிங்னு தனியாவே இருக்கு, படிச்சவங்க ஒவ்வொருத்தரும் புக்ல என்ன இருக்குன்னு டிக் பண்ணலாம், அது கொடூரமா விவரிச்சிருக்கா, மிதமா இருக்கா, சும்மா லேசா வந்து போகுதான்னு மூணு லெவலும் பிரிச்சு எத்தனை பேர் அப்படி சொன்னாங்கன்னும் காட்டும். பார்த்தவுடனே "இதைத்தானே தேடிட்டு இருந்தேன்"னு தோணுச்சு. கொஞ்ச நாள் யூஸ் பண்ணப்புறம்தான் புரிஞ்சுது, இது நம்ம "கிளீன்" கேள்விக்காக செஞ்சதே இல்ல. ஒரு விஷயத்தால மனசு காயப்பட்டவங்க அதே விஷயத்துல போய் திரும்ப முட்டிக்கக்கூடாதுன்னு செஞ்சது. அதனால ஆபாசம், கெட்ட வார்த்தை எல்லாம் லிஸ்ட்ல இருந்தாலும் கூடவே கேன்சர், அப்பா அம்மா சாவு, கருச்சிதைவுன்னு நிறைய வரும்.

முதல்ல இது ஓவரா இருக்கேன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஒரு விஷயம் நடந்துச்சு. எங்க குரூப்ல குழந்தையைப் பறிகொடுத்த ஒரு அக்கா இருக்காங்க. ஒரு மாசம் ஒரு கிறிஸ்தவ நாவல் எடுத்தோம், கெட்ட வார்த்தை ஒண்ணு கிடையாது, காதல் கூட ரொம்ப மரியாதையா, எந்த லிஸ்ட்ல பார்த்தாலும் கிளீன்னுதான் இருக்கும். நடுவுல ஒரு குழந்தை செத்துரும், ஒரு முழு அதிகாரம். அக்கா அந்த மீட்டிங்குக்கு வரல, அடுத்ததுக்கும் வரல. நாங்க எல்லாரும் அந்த புக்கை எவ்வளவு பரிசுத்தமான புக்குன்னு பேசிட்டு இருந்தோம். அன்னைக்குதான் என் மண்டைல ஏறுச்சு, நாங்க இத்தனை நாள் கேட்டுட்டு இருந்த கேள்வியே அரைகுறை. "கிளீனா?"ன்னு கேட்டா ஆமா இல்லன்னு ஒரு தீர்ப்புதான் வரும், "உள்ள என்ன இருக்கு?"ன்னு கேட்டாதான் அக்கா தனக்கு வேணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவெடுக்க முடியும்.

ஸ்டோரிகிராஃப்ல எனக்கு உள்ள குறை ஒண்ணுதான். நிறைய பேர் படிச்ச புக்குக்கு வார்னிங் நிரம்பி வழியும், சின்ன பதிப்பகத்து புக், பழைய புக், சர்ச் வட்டத்துக்குள்ளயே சுத்துற புக்குன்னா காலியா இருக்கும். காலியா இருக்குன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல, யாரும் டிக் பண்ணலன்னுதான் அர்த்தம். இதுல நிறைய பேர் வழுக்கி விழுவாங்க.

பிள்ளைங்களுக்குன்னா யோசிக்கவே வேண்டாம், காமன் சென்ஸ் மீடியா. 2003-ல ஆரம்பிச்ச அமைப்பு, வன்முறை, பேச்சு, குடி, காதல் எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு ஒரு வயசும் போட்டுருவாங்க. பெற்றோர் போடுற வயசு ஒரு பக்கம், பிள்ளைங்களே போடுற வயசு ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைப் பார்த்து எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன். சண்டே ஸ்கூல் டீச்சர்ஸ்க்கு இது போதும். பெரியவங்க நாவலுக்கு இங்க வந்து தேடாதீங்க, கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

இங்க ஒரு சின்ன விஷயம், யங் அடல்ட், அதாவது டீன் ஏஜ் ஆளுங்களுக்குன்னு போட்டிருந்தா பிள்ளைங்களுக்கு சேஃப்னு நினைச்சுராதீங்க. அந்த லேபிள் யாரு படிக்கிறதுக்குன்னு மார்க்கெட் பண்றாங்கன்னுதான் சொல்லுது, கதாநாயகிக்கு பதினேழு வயசுன்றதைத் தவிர உள்ள என்ன இருக்குன்னு அது சொல்லாது.

லேபிளை நம்புறதும் ஒரு வழிதான், கிறிஸ்டியன் ஃபிக்ஷன்னு போட்டு வர்றதை மட்டும் வாங்குறது. அந்த வகை நாவலுக்குன்னே கிறிஸ்டி அவார்ட்னு ஒரு பரிசு இருக்கு, அந்த லிஸ்ட்டைப் பிடிச்சு போனா எழுத்தும் நல்லா இருக்கும். கெட்ட வார்த்தை, படுக்கையறை பத்தின பயம் இங்க ரொம்ப கம்மி. ஆனா வருஷம் முழுக்க இதையே படிச்சா கிளப்ல விவாதம் செத்துரும், எல்லா கதையும் கடைசி அதிகாரத்துல ஜெபத்துல முடியும், எல்லாரும் "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு கிளம்பிருவாங்க. மேல சொன்ன அக்கா விஷயத்துலயும் இந்த லேபிள்தான் எங்களைக் கைவிட்டுச்சு.

வெட்டிப் படிக்கிற வழியும் ஒண்ணு இருக்கு, சொல்லிட்டு சீக்கிரம் தாண்டிர்றேன். கிளீன் ரீடர்னு ஒரு ஆப் வந்துச்சு, ஈபுக்ல வர்ற கெட்ட வார்த்தையை எல்லாம் மறைச்சு அதுக்கு பதிலா வேற வார்த்தை காட்டுச்சு. 2015-ல எழுத்தாளர்கள் கொதிச்சுப் போய் எதிர்த்தாங்க, ஆப்ல இருந்து புக் விக்கிறதையே நிறுத்த வேண்டியதாயிருச்சு. இந்த ஆசை ஒண்ணும் புதுசில்ல, பவுட்லர்னு ஒரு ஆங்கில டாக்டர் ஷேக்ஸ்பியரையே குடும்பத்தோட படிக்கிற மாதிரி வெட்டி 1818-ல பத்து வால்யூமா போட்டார், இப்ப அவர் பேரே இங்கிலீஷ்ல கேலி வார்த்தையா நிக்குது. என்னைக் கேட்டா பிடிக்கலன்னா படிக்காம விட்டுர்றது மரியாதை, வில்லன் வாயில ஞாயித்துக்கிழமை பாஷையைத் திணிக்கிறது மரியாதை இல்ல.

வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். வேகம்னா இதுதான். ராத்திரி பத்து மணிக்கு "ட்ரெயின்ல படிக்க ஒரு புக் சொல்லுங்க"ன்னு போட்டா பத்து அஞ்சுக்கு ஆறு பேர் சொல்லியிருப்பாங்க. அந்த ஆறுல மூணு பேர் அந்த புக்கைப் படிச்சிருக்கவே மாட்டாங்க, யாரோ அனுப்பினதை "மஸ்ட் ரீட், ப்ளெஸ்ஸிங்கா இருந்துச்சு"ன்னு கை கூப்புற எமோஜியோட தள்ளி விட்டிருப்பாங்க. இதுக்கு நேரெதிரா இன்னொரு ஃபார்வர்டு வரும், "இந்த புக்கை வீட்டுக்குள்ள சேர்க்காதீங்க"ன்னு. அனுப்பினவர் படிச்சாரான்னு கேட்டா படிக்கல. ரோமன் கத்தோலிக்க சபை தடை செய்யப்பட்ட புத்தகங்கள்னு ஒரு பட்டியலை 1559-ல ஆரம்பிச்சு நாலு நூற்றாண்டு வெச்சிருந்து 1966-ல விட்டுருச்சு, நம்ம குரூப் அட்மின்கள் இன்னும் விடல. அதுலயும் ரெண்டு மாசம் கழிச்சு "அன்னைக்கு ஒரு புக் சொன்னீங்களே பிரதர்"னு தேடினா நடுவுல இருநூறு குட்மார்னிங் படத்தைத் தாண்டணும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், குரூப்ல ஒரு ஆன்ட்டி மூணு நிமிஷ வாய்ஸ் நோட் போடுவாங்க பாருங்க, எந்த சைட்டும் அதுக்கு ஈடாகாது. "நடுவுல கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்மா, ரெண்டு பக்கம் தள்ளிட்டுப் போ, ஆனா அந்த அப்பா கேரக்டருக்காகவே படி." கிளீனா இல்லையான்றதுக்கும் மேல, ஏன் படிக்கணும்னும் அதுலயே வந்துருது. அந்த வாய்ஸ் நோட்டைத் தொலையாம வெக்க என்ன வழின்னு யோசிச்சதுலதான் எங்க ஷீட் வந்துச்சு.

சாதா கூகுள் ஷீட்தான். ஒரு புக்குக்கு ஒரு வரி. படிச்சவங்க பேரோட முதல் எழுத்து, எப்ப படிச்சாங்க (அஞ்சு வருஷம் முன்னாடி படிச்சதா இருந்தா ஞாபகத்தை நம்பாதீங்க, நான் நம்பி கெட்டிருக்கேன்), அப்புறம் பேச்சு, வன்முறை, காதல், சாவு, மந்திரம்னு தனித்தனி கட்டம், கடைசில "ஏன் படிக்கணும்"னு ஒண்ணு. சீரிஸா இருந்தா ஒவ்வொரு புக்குக்கும் தனி வரி, ஏன்னா முதல் புக் பால் மாதிரி இருக்கும், மூணாவது புக்ல எழுத்தாளருக்கு திடீர்னு தைரியம் வந்துரும். முழுசா படிக்காதவங்க எழுதக்கூடாது, இதுல மட்டும் ரொம்ப கறார்.

இன்னொரு ரூல் கொண்டு வர்றதுக்குள்ள பாடாப் பட்டுட்டேன்: தீர்ப்பு எழுதாதீங்க, இருக்குறதை எழுதுங்க. "கொஞ்சம் மோசம்"னு எழுதினா யாருக்கு என்ன புரியும். "அதிகாரம் 14, கல்யாணமான ஜோடி, கதவு மூடிருது"ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்குத் தெரியும் தனக்கு சரிப்படுமான்னு. ஒரு அண்ணன் விடாம சண்டை போட்டார், "பிலிப்பியர் 4:8 இருக்கே, கற்புள்ளது எதுவோ அதைத்தானே சிந்திக்கணும், அப்ப தீர்ப்பு வேணாமா"ன்னு. திறந்து வாசிச்சுப் பார்த்தோம், அந்த வசனத்துல கற்புள்ளவை நாலாவதா வருது, முதல்ல வர்றது உண்மையுள்ளவைகள். அன்னைக்கு ராத்திரியே யாரோ ஷீட்ல விளையாட்டா பைபிளுக்கே ஒரு வரி சேர்த்துட்டாங்க, நியாயாதிபதிகள், வன்முறை: அதிகாரம் 19, தனியா படிக்காதீங்க. யாரும் அழிக்கல, இன்னும் இருக்கு.

ஷீட்டுக்கும் குறை இருக்கு. முதல் குறை, எங்க ஷீட்ல இருக்குறது எங்க ஆளுங்க படிச்சது மட்டும்தான், அதனால புது புக் எடுக்கணும்னா எப்படியும் வெளிய போய்தான் ஆகணும். ரெண்டாவது, கதை முன்னாடியே வெளிய வந்துரும், சாவுன்ற கட்டத்துல "அதிகாரம் 30, அம்மா"ன்னு எழுதினா மிச்சம் என்ன இருக்கு, அதனால அந்த கட்டத்தை மட்டும் மறைச்சு வெச்சிருக்கோம், வேணும்றவங்க திறந்து பார்க்கலாம். மூணாவது, இதை நிரப்புறது கடைசில ரெண்டு பேர்தான், மத்தவங்க "சூப்பர் ஷீட்"னு பாராட்டுறதோட சரி.

ஆனா பேர் இருக்குறதோட பலன் வேற எதுலயும் கிடைக்கல. ஒருத்தர் "ஸ்லோ"ன்னு எழுதினா எனக்கு அது அமைதியான நல்ல புக், இன்னொருத்தர் "விறுவிறுப்பு"ன்னு எழுதினா நான் பத்து பக்கத்துல தூக்கிப் போட்டுருவேன். ஆள் தெரிஞ்சா அளவுகோல் தெரிஞ்சுரும், முகம் தெரியாத லட்சம் ஸ்டார்ல அது வராது.

இப்ப எங்க பழக்கம், வாட்ஸ்அப்ல பேர் வரும், குட்ரீட்ஸ்ல ஒரு ஸ்டார் ரிவ்யூவை மேய்வோம், ஸ்டோரிகிராஃப்ல வார்னிங் பார்ப்போம், அப்புறம் ஒருத்தர் முழுசா படிச்சு ஷீட்ல போட்டப்புறம்தான் மத்தவங்க வாங்குறது. அக்கா திரும்ப வர ஆரம்பிச்சிருக்காங்க. இந்த மாச புக்கோட வரில, சாவுன்ற கட்டத்துல, அந்த வாய்ஸ் நோட் ஆன்ட்டி எழுதினது இது: "அதிகாரம் 9, கைக்குழந்தை. நீ 8 முடிச்சுட்டு நேரா 11-க்குப் போயிரும்மா, கதை புரியும். 10-ல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன்."