ஈ.எம்.சி (மின்காந்த இணக்க) சோதனைக்கு முதலில் எது: கரன்ட் கிளாம்பா, நியர்-ஃபீல்டு ப்ரோபா?

ரேடியேட்டட் எமிஷனில் (காற்றில் கதிர்வீசும் மின்காந்தச் சத்தம்) ஃபெயில் ஆகும் சின்னப் போர்டுகள் பெரும்பாலும் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் மாட்டிக்கொள்கின்றன. அந்த அலைவரிசையில் பத்து சென்டிமீட்டர் போர்டு தானாக அதிகம் கதிர்வீசாது. அதில் செருகிய ஒரு மீட்டர் கேபிள்தான் ஆன்டெனா. ஸ்பெக்ட்ரம் அனலைசர் (அலைவரிசைவாரியாக சிக்னல் அளவைக் காட்டும் கருவி) இருக்கிறது, கூட ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கரன்ட் கிளாம்பை (கேபிளைக் கவ்வி அதில் ஓடும் கரன்ட்டை அளக்கும் வளையம்) வாங்குங்கள். பலர் நியர்-ஃபீல்டு ப்ரோப் (போர்டுக்கு மிக அருகே பிடித்துப் பார்க்கும் சிறு ப்ரோப்) செட்டில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை.

கிளாம்ப் காட்டும் எண்ணை லிமிட்டோடு ஒப்பிடலாம். ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன்-மோடு கரன்ட் (எல்லா வயர்களிலும் ஒரே திசையில் ஓடுவது) ஓடினாலே, 3 மீட்டர் தள்ளி அமெரிக்க எஃப்.சி.சி-யின் வீட்டுப் பொருட்களுக்கான கிளாஸ் பி எல்லையை (மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்) தொட்டுவிடும். டிரான்ஸ்ஃபர் இம்பீடன்ஸ் (கரன்ட்டுக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜின் விகிதம்) 5 ஓம் உள்ள கிளாம்பில் அது 25 மைக்ரோவோல்ட். திரையில் −79 டிபிஎம். அதற்கு 6 டெசிபலாவது கீழே வராமல் லேபுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கிளாம்பை நாமே செய்யலாம். ஸ்னாப்-ஆன் ஃபெரைட்டில் 10 சுற்று சுற்றி பி.என்.சி கனெக்டரில் சேர்த்தால், 50 ஓம் அனலைசரில் ஏறத்தாழ 5 ஓம் கிடைக்கும். சரிபார்க்க, டிராக்கிங் ஜெனரேட்டரை (அனலைசரோடு சேர்ந்து அலைவரிசை மாற்றும் சிக்னல் மூலம்) 50 ஓம் லோடோடு இணைக்கும் வயரைக் கிளாம்புக்குள் விடுங்கள்: ஜெனரேட்டர் அளவைவிட 20 டெசிபல் குறைவாக வர வேண்டும். அலைவரிசை ஏற ஏற சுற்றுகளின் கெப்பாசிட்டன்ஸால் இந்தக் கணக்கு விலகும். எங்கே விலகுகிறதோ அங்கே திருத்த எண்ணைக் குறித்துவையுங்கள்.

அளக்கும்போது கேபிளின் எல்லா வயர்களையும் சேர்த்தே கவ்வ வேண்டும். ஒற்றை வயரைக் கவ்வினால் சிக்னல் கரன்ட்தான் தெரியும். அனலைசரில் ஆர்.பி.டபிள்யூ (ரெசல்யூஷன் பேண்ட்விட்த்) 100 அல்லது 120 கிலோஹெர்ட்ஸ், பீக் டிடெக்டர். கிளாம்பைக் கேபிள் நெடுக நகர்த்தி உச்சத்தை எடுங்கள். போர்டை அணைத்தும் ஒருமுறை பாருங்கள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் அப்போதும் நிற்பவை பெரும்பாலும் எஃப்.எம் நிலையங்கள்.

நியர்-ஃபீல்டு ப்ரோப் பாஸா ஃபெயிலா என்று சொல்லாது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே அளவு மாறும். சத்தம் மிகுந்த இடம் கேபிளுக்கு எதையும் அனுப்பாமலும் இருக்கலாம். ஆனால் கிளாம்ப் 120 மெகாஹெர்ட்ஸில் மேடு காட்டினால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட ப்ரோபைவிட நல்ல கருவி இல்லை. அது பக் கன்வெர்ட்டரின் (வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்விட்சிங் சப்ளை) ஸ்விட்ச் நோடு என்றால், அங்கிருந்து கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர் வைத்துப் பாருங்கள். 330 பிகோஃபாரடில் ரிங்கிங் (ஸ்விட்ச் ஆகும்போது எழும் அதிர்வு) 60 மெகாஹெர்ட்ஸாகப் பாதியானால், ஏற்கெனவே அங்கிருக்கும் பாராசிட்டிக் கெப்பாசிட்டன்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு, 110 பிகோஃபாரட். இண்டக்டன்ஸ் 16 நானோஹென்றி. இண்டக்டன்ஸைக் கெப்பாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் போட்டால் 12 ஓம். அந்த ரெசிஸ்டரைத் தொடரில் 470 பிகோஃபாரடோடு வைத்தால் அதிர்வைத் தணிக்கும் ஸ்னப்பர் தயார். 12 வோல்ட், 500 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் வீணாவது 34 மில்லிவாட்தான்.

கார் பார்க்கிங்கில் ஆன்டெனா நட்டு அளப்பது மூன்றாம் இடம். தரையும் சுவரும் எதிரொலிக்கும், வெளி சிக்னல் மூழ்கடிக்கும்.

மெயின்ஸில் ஓடும் பொருளுக்கு மட்டும் லிஸ்ன் (மெயின்ஸ் வயரில் ஏறும் சத்தத்தை அளக்க இடையில் வைக்கும் பெட்டி) தனியாக வேண்டும். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் வேலையை மற்றவை செய்யாது. லிஸ்னின் லீக்கேஜ் மிக அதிகம்: எர்த் இணைப்பை முதலில் போடுங்கள், கடைசியில் கழற்றுங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி (லீக்கேஜ் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் ஆகும். அனலைசருக்கு முன்னால் டிரான்சியன்ட் லிமிட்டர் (திடீர் வோல்ட்டேஜ் எழுச்சியைத் தடுப்பது) போட்டிருந்தாலும், பவரை ஆன்-ஆஃப் செய்யும்போது அனலைசர் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.