பழைய கேரவனா, காலி டிராவலரா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய வண்டி தேடுகிறவர்கள் ஆரியங்காவு தாண்டி புனலூர், கொல்லம் வரை ஒரு சுற்று போய்ப் பார்ப்பது வழக்கம். குடும்பத்தோடு தங்கிப் பயணம் போக ஒரு வண்டி வேண்டும் என்று நாங்களும் பார்த்தோம். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் பொருத்திய கேரவன் ஒன்று. வெறும் இருக்கைகளோடு நின்ற ஃபோர்ஸ் டிராவலர் வேன் ஒன்று. டிராவலரைத்தான் எடுத்தோம்.

கேரவனின் வசதி தெரிந்ததே. வாங்கிய அன்றே கிளம்பலாம். டிராவலரில் உள்வேலைக்கு நாளாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், இன்ஷூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும். கேரளத்திலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, வரி எல்லாம் எந்த வண்டியானாலும் உண்டு.

என் முடிவை மாற்றியது தண்ணீர். கேரவனின் கூரையை ஏ.சி.க்கும் காற்றுப்போக்கிக்கும் வெட்டியிருப்பார்கள். சுற்றிப் பூசிய சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால், மழைநீர் உள்ளே இறங்கி, கூரையைத் தாங்கும் சட்டகத்தோடு ஓடி, வேறெங்கோ கசியும். சுவர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ப்ளைவுட்டும் பஞ்சும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தகடு உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

நாங்கள் பார்த்த கேரவனில் கட்டிலுக்கு மேலே ஒரு மூலையில் மட்டும் புது ஸ்டிக்கர். கட்டைவிரலால் அழுத்தினேன், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. "சும்மா சாரல் பட்டது அண்ணாச்சி" என்றார் புரோக்கர். அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. இதைச் சரிசெய்ய அலமாரி, கட்டில், குழாய், வயரிங் அத்தனையும் கழற்ற வேண்டும். விலையில் எவ்வளவு குறைத்தாலும் அந்தச் செலவுக்கு ஈடாகாது.

டிராவலரில் அந்த மறைவு இல்லை. தரை விரிப்பைத் தூக்கினோம், பக்கவாட்டு மூடிகளைக் கழற்றினோம், தகடு கண்ணுக்குத் தெரிந்தது. பின்சக்கர வளைவின் ஓரம் துரு இருந்தது. டிங்கர் வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டு, அதை விலையில் கழித்தோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கண்டுபிடிப்பதும் டிராவலரில்தான் சுலபம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் செங்கன்னூர், ஆலுவா, சாலக்குடி, குட்டநாடு எல்லாம் மூழ்கின. அதற்கு முந்தைய பதிவு என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருக்கலாம். இருக்கை போல்ட்டுகள், டேஷ்போர்டுக்குக் கீழே வயர்க் கட்டு, விளக்குக் கண்ணாடியின் உட்பக்கம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். கேரவன் ஆக்கும்போது பழைய இருக்கைகளையும் தரையையும் மாற்றிவிடுவதால் இந்தத் தடயங்களில் பாதி போயிருக்கும்.

மறுவிற்பனையில் எது தேவலை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, நாங்கள் இன்னும் விற்கவில்லை. சோலார், பேட்டரி விஷயத்திலும் என் அனுபவம் குறைவு. அப்புறம், ஒரே கையில் இருந்து, கூரைக்கடியில் நின்று, உள்வேலை நடந்தபோது எடுத்த படங்களும் பில்லும் உள்ள கேரவன் கிடைத்தால் நானே எடுத்திருப்பேன்.

கேரவன்தான் வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலையில். மழை இல்லையென்றால் கூரையில் ஹோஸ் வைத்து அரைமணி நேரம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். உரிமையாளர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.