இரண்டு நிமிடத் திகிலுக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவி: ஸூம் எச்1என்

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை பயிலும் மாணவர்கள், செயற்றிட்டமாகத் திகில் படமொன்றின் தொடக்கக் காட்சியை எடுக்கத் திட்டமிடும்போது முதலில் கேட்பது கமராவைப் பற்றித்தான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாணவர் குழுக்களோடு இத்தகைய வேலைகளில் ஈடுபட்டுவரும் எனக்கு, அவர்கள் ஒலியைப் பற்றி முதலில் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு குழுவோடும் வலுப்பட்டு வந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசியே இரண்டு நிமிடக் காட்சிக்குப் போதுமான படத்தைத் தந்துவிடுகிறது. முகம் காட்டப்படாத ஒருவர் நெருங்கி வருகிறார் என்பதையும், சாத்திய கதவுக்கு அப்பால் யாரோ மூச்சை அடக்கி நிற்கிறார் என்பதையும் பார்வையாளர் காதினால்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் தொலைபேசியின் ஒலி தருவதில்லை. ஆகவே, சிறுதொகையை எதற்குச் செலவிடலாம் என்று யோசிக்கும் பாடசாலைகளுக்காக, நாங்கள் பயன்படுத்திவரும் ஸூம் எச்1என் என்னும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி எழுதுகிறேன்.

தொலைபேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைந்தது. சத்தம் குறைந்தால் அது பதிவு மட்டத்தைத் தானாகவே உயர்த்தும், கூடினால் தாழ்த்தும். மாறாமல் தொடரும் ஒலியை இரைச்சல் என்று கருதி அழிக்கவும் முயலும். உரையாடலுக்கு இது நல்ல ஏற்பாடு என்றாலும், திகில் காட்சிக்கு இதைவிடக் கெடுதலானது வேறில்லை. வயல்வெளியில் சில்வண்டுகளின் சத்தம் சட்டென்று ஓய்ந்து ஒரேயொரு காலடி கேட்க வேண்டிய இடத்தில், அமைதி வரவர மட்டம் ஏறி, அங்கே இல்லாத ஓர் இரைச்சல் எழுந்து அந்த ஓய்வை நிரப்பிவிடுகிறது. மாணவர்கள் பின்னர் இணையத்தில் எடுத்த பின்னணி இசையைக் கொண்டு அதனை மூடுகிறார்கள். அப்படி மூடியபின், இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த காட்சியும் ஏதோ ஒரு நகரத்து மாடிப்படியில் எடுத்த காட்சியும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன.

எச்1என், யப்பானிய நிறுவனமான ஸூம் 2018 இல் வெளியிட்ட கருவி. 2010 இல் வந்த எச்1 இன் அடுத்த வடிவம். சட்டைப் பைக்குள் அடங்கும். மேல்முனையில் ஒன்றையொன்று குறுக்கிட்டபடி 90 பாகைக் கோணத்தில் இரு ஒலிவாங்கிகள் இருப்பதால், இடமிருந்து வலம் கடக்கும் சைக்கிள் கேட்பவரின் காதிலும் அவ்வாறே கடக்கும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் ஒலித்தரம் வரை பதிவு செய்யலாம். படத்துக்கு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் போதும். அந்த அளவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகமாகவும் இடம் பிடிக்கும். கருவி ஏற்கும் மைக்ரோ எஸ்டி காட் 32 ஜிகாபைட் வரையிலானது என்பதால், ஒரு செயற்றிட்டம் முழுவதற்கும் ஒரு காட் தாராளம். சந்திக் கடைகளில் கிடைக்கும் இரண்டு ஏஏஏ பற்றரிகளில் இது இயங்குவது, மின்சாரம் இல்லாத குளக்கட்டுகளில் இரவு வேலை செய்யும் எங்களுக்குப் பெரிய வசதி.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பதிவு மட்டத்தை மாற்றும் குமிழ். மெனுவுக்குள் புகாமல், இருளிலும் விரலால் திருப்பலாம். மாணவர்கள் வழக்கமாகத் தானியங்கி மட்டத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அது தொலைபேசியின் பிழையைப் பணம் கொடுத்து வாங்கியதாகவே முடியும். தானியங்கி மட்டத்தை நிறுத்திவிட்டு, காட்சியில் வரக்கூடிய மிக உரத்த ஒலி கருவியின் திரையில் மைனஸ் 12 டெசிபெல் அளவைத் தொடும்படி (பதிவு உடையும் எல்லை 0) குமிழை வைத்து, அதன் பிறகு அதைத் தொடாமல் விடுவதே முறை. அவ்வாறு எடுத்த பதிவில் அமைதி அமைதியாகவே இருக்கும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு குழுவின் கதையில், மாலை மங்கும் வேளையில் வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் வரும் மாணவி, வழியில் கிடக்கும் பாடசாலைப் பை ஒன்றைக் கண்டு நிற்கிறாள். படத்தில் நடப்பது அவ்வளவுதான். ஒலியில் நடப்பது நிறைய: பெடலை நிறுத்தியதும் பின்சில்லு தனியே கிர்ரென்று சுழன்று ஓய்கிறது, தவளைகள் ஒரு பக்கத்தில் மட்டும் அடங்குகின்றன, அந்தப் பக்கத்திலிருந்தே ஆட்காட்டிப் பறவை ஒன்று கத்தியபடி எழுகிறது. இரவில் ஆட்காட்டி கத்தினால் ஏதோ நடமாடுகிறது என்பது இங்குள்ள எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே, வில்லனையோ கத்தியையோ காட்டாமலே, பார்வையாளர் திரையின் இடது விளிம்பை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார். இரு ஒலிவாங்கிகளும் இடம்-வலம் பிரித்துப் பதிந்ததால்தான் இது இயன்றது. இணையத்தில் தேடி எடுத்த பேய்ச் சிரிப்பும் ஆந்தைச் சத்தமும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டா.

ஆனால் கருவியை வைக்கும் இடத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகிறது. கமராவுக்கு மேலே கருவியைக் கட்டிவிட்டால், கமரா தூரத்தில் நிற்கும் காட்சியில் ஒலியும் தூரமாகிவிடும். எச்1என் இன் ஒலிவாங்கிகளுக்கென்று மெல்லிய சீறல் ஒன்று உண்டு. வெளியில் அது கேட்பதில்லை, மூடிய அறையின் நிசப்தத்தில் மட்டத்தை உயர்த்தினால் கேட்கும். எனவே பூட்டுத் திறக்கும் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம், மணலில் செருப்பு அழுந்தும் சத்தம் போன்றவற்றைப் படப்பிடிப்பு முடிந்ததும் தனியாக, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிந்து, படத்தொகுப்பில் சேர்ப்பதே நல்லது. ஒரு பிற்பகல் முழுவதையும் இதற்கே ஒதுக்கிய குழுக்களின் படங்கள், கூடுதல் காட்சிகள் எடுத்த குழுக்களின் படங்களைவிட எப்போதும் மேலாக அமைந்தன.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் இக்கருவியை வெளியே எடுத்துச் செல்வதில் பயனில்லை. வெறும் ஒலிவாங்கியில் காற்று மோதும் உறுமல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், பின்னர் அதை நீக்கவும் முடியாது. ரோமம் போன்ற இழைகள் கொண்ட உறை கருவியோடு வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். கருவியில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வசதி இருக்கிறது என்றாலும் அதை உறைக்கு மாற்றாக நான் பரிந்துரைக்க மாட்டேன். தூரத்து வயலில் உழும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளே திகில் காட்சியின் அடித்தளம். பதியும்போதே அவற்றை வெட்டிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. தொகுக்கும்போது வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

உடல் முழுவதும் இலேசான பிளாஸ்டிக் என்பதால், கையில் பிடித்துப் பதிந்தால் விரல் அசைவதும் பதிவாகும். பின்புறத்தில் முக்காலியில் பொருத்துவதற்கான துளை உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். சிறிய கருவியாக இருப்பதால், கமராவின் பார்வையில் படாமல் பற்றைக்குள் மறைத்து வைக்க மாணவர்களுக்கு ஆசை வரும். வன்னியில் இதை அனுமதிக்கும் முன் ஆசிரியர் இடத்தை அறிந்திருக்க வேண்டும். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிவடையாத பகுதிகள் உள்ள மண் இது. அபாயப் பலகை உள்ள பக்கம் மட்டுமல்லாமல், ஊரவர் வழக்கமாக நடக்காத எந்தப் பற்றைக்குள்ளும் பிள்ளைகள் காலெடுத்து வைக்கக் கூடாது. வழித்தடத்தின் ஓரத்திலே நின்று எடுக்கக்கூடியதாகக் காட்சியை மாற்றி எழுதுவது கடினமான காரியமல்ல.

உரத்த ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி தாங்கும் உச்ச அளவு 120 டெசிபெல். அருகில் வெடிக்கும் யானை வெடி அதைத் தாண்டும், பதிவு உடைந்துபோகும். இதைக் குறை என்று சில மாணவர்கள் சொன்னார்கள். நான் அப்படிக் கருதவில்லை. துப்பாக்கிச் சூட்டையோ வெடிச் சத்தத்தையோ திகிலுக்காக இந்த ஊர்களில் எழுப்புவதற்கு நான் உடன்படுவதில்லை. 2009 ஐக் கடந்து வந்த பெரியவர்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். இரவில் திடீரென்று கேட்கும் அலறல் அவர்களுக்குக் கதையாகக் கேட்காது. அலறல் அவசியமானால் அதைப் பகலில் வகுப்பறைக்குள் பதியலாம். இரவுப் படப்பிடிப்பு என்றால் அயலவர்களிடமும் கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே நேரில் சொல்ல வேண்டும். கூரை இழந்த வீட்டைக் காட்சிக்குத் தெரிவு செய்யும்போது, அதற்கு உரியவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதை எண்ணி அவரைத் தேடி அனுமதி பெற வேண்டும். எங்கள் குழுக்கள் இந்தக் கட்டுப்பாட்டால் இழந்தது ஒன்றுமில்லை. மெல்லிய ஒலிகளைத் தேடும் பழக்கம் அதனால்தான் வந்தது.

படத்தோடு ஒலியைப் பொருத்துவதில் முதலில் சிரமம் இருக்கும். ஒவ்வொரு எடுப்பின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன்னே ஒருவர் கைதட்டினால், படத்தில் கைகள் சேரும் பிரேமையும் ஒலியில் எழும் கூர்முனையையும் ஒன்றாக வைக்கலாம். கைதட்டுபவர் கருவிக்கு அருகிலே நிற்க வேண்டும்: ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், 14 மீற்றர் தள்ளி நின்று தட்டினால், செக்கனுக்கு 25 பிரேம் வேகத்தில் ஒரு முழுப் பிரேம் பிந்திவிடும். தொலைபேசிகள் பல, பிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைப்பதால், நீண்ட எடுப்புகளில் உதடும் ஒலியும் மெல்ல விலகும். வேகத்தை 25 இல் நிலைநிறுத்தும் செயலியைப் பயன்படுத்துவதும், எடுப்புகளைச் சுருக்கமாக வைத்திருப்பதும் இதைத் தவிர்க்கும். பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு இரண்டு செக்கன் முன்னிருந்தே ஒலியைச் சேமிக்கும் வசதி கருவியில் இருக்கிறது. எப்போது கத்தும் என்று தெரியாத பறவைக்காகக் காத்திருக்கும்போது இது மிகவும் உதவுகிறது.

2024 இல் இதே நிறுவனம் வெளியிட்ட எச்1எசென்ஷல், 32 பிட் புளோட் முறையில் பதிவதால் மட்டத்தைச் சரிசெய்யும் தேவையையே நீக்கிவிட்டது. புதிதாக வாங்கும் பாடசாலை இரண்டையும் விலை பார்த்து ஒப்பிட வேண்டும். அவசரமாக எடுக்கும் குழுவுக்குப் புதியது பாதுகாப்பானது. ஆனால் கற்பிப்பதற்கு நான் எச்1என் ஐயே தெரிவு செய்வேன். குமிழைத் திருப்பி, ஹெட்போனில் கேட்டு, இது போதுமா என்று முடிவெடுக்கும் மாணவர், தன் காதை நம்பக் கற்கிறார். எதை வாங்கினாலும் காற்றுத் தடுப்பு உறை, மூடிய ஹெட்போன், ஒரு சிறு முக்காலி ஆகிய மூன்றையும் அதே கொள்வனவில் சேர்த்துக் கேளுங்கள். பின்னர் வாங்கலாம் என்று விட்டால், பாடசாலைக் கணக்கில் அதற்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரிடும்.